எலும்பில் வரும் சொத்து

நியூசிலாந்தின் தென்தீவில் டனீடின் என்றொரு கடலோர ஊர். 1972 ஏப்ரல் தொடங்கி 1973 மார்ச் முடிய அந்த ஊர் மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தவர்களில் 1,037 பேரை ஆய்வாளர்கள் மூன்று வயதிலிருந்து இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லோரையும் ஊருக்கு வரவழைப்பார்கள். லண்டனில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பல், நுரையீரல், ரத்தம் எல்லாம் பார்த்து, கடன், காதல், குடி, வேலை எல்லாம் கேட்டு அனுப்புவார்கள். 38 வயதிலும், உயிரோடு இருந்தவர்களில் நூற்றுக்கு 95 பேர் வந்து சேர்ந்தார்கள். நம் ஊரில் பழைய மாணவர் கூட்டத்துக்கே பாதிப் பேர் வருவதில்லை.

இவர்களில் பலருக்கு 11 வயதில் எடுத்த ரத்தத்தில் காரீயம் எவ்வளவு இருக்கிறது என்றும் அளந்து குறித்துவைத்தார்கள். (ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம்; அது வேறு உலோகம். இங்கே பேச்சு, வண்டி பேட்டரிக்குள் இருக்கும் காரீயத்தைப் பற்றி.) அந்த எண்களை வைத்து ஆரன் ரூபன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டது வெறும் மருத்துவக் கேள்வி அல்ல. இந்தப் பிள்ளைகள் 38 வயதில் தங்கள் அப்பா அம்மா இருந்த நிலையைவிட மேலே போயிருக்கிறார்களா, கீழே இறங்கியிருக்கிறார்களா?

தலைமுறை நகர்வு என்று சமூகவியலாளர்கள் இதைச் சொல்வார்கள். கூலி வேலை செய்தவர் மகள் பேராசிரியர் ஆவதும், பேராசிரியர் மகன் எந்த வேலையிலும் நிலைக்காமல் போவதும் இதில் அடக்கம். காரணம் என்ன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் படிப்பு, உழைப்பு, கொஞ்சம் அதிர்ஷ்டம் என்போம். ஆய்வாளர்களின் பட்டியல் இன்னும் நீளமானது. தமிழ்நாட்டுப் பின்னணி கொண்ட பெற்றோருக்கு டெல்லியில் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்கா போன பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி, கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் வரிக் கணக்குகளை வைத்து 2014இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். வருமானத்தில் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தை மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்குக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு, கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 12.9 சதவீதம். வட கரோலினாவின் ஷார்லட்டில் 4.4 சதவீதம். ஒரே நாடு, ஒரே சட்டம், ஆனால் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். ஏழைகளும் பணக்காரர்களும் தனித்தனியே குடியிருப்பது, வருமான ஏற்றத்தாழ்வு, பள்ளியின் தரம், அக்கம்பக்கத்து உறவு, குடும்ப அமைப்பு ஆகிய ஐந்தும் இந்த வித்தியாசத்தோடு சேர்ந்து வருவதாக அவர் குழு கண்டது.

ஐந்துமே மனிதர்கள் சம்பந்தப்பட்டவை. காற்று, தண்ணீர், சுவர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. செட்டியைக் குறை சொல்லவில்லை. வரிக் கணக்கில் ரத்தப் பரிசோதனை இருக்காது.

காரீயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது என்ற சந்தேகம் பழையது. அதை நிரூபிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. 1970களில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர் பாஸ்டனை ஒட்டிய செல்சீ, சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விழுந்த பால் பற்களைச் சேகரித்தார். ரத்தத்தில் இருக்கும் காரீயம் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். பல்லில் போனது அங்கேயே தங்கிவிடும். அதனால் பல் ஒரு நல்ல சாட்சி. யார் பல்லில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத ஆசிரியர்களிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்கள். கவனம் சிதறுகிறவன், சொன்னதை வரிசையாகச் செய்யத் தெரியாதவள் என்று ஆசிரியர்கள் சொன்ன விகிதம், பல்லில் காரீயம் கூடக்கூட ஏறிக்கொண்டே போனது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் நோய் அறிகுறி என்று எதுவும் இல்லை. 1979இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1991இல் அது மோசடிப் புகார்வரை போய், விசாரணைக்குப் பிறகு அவர் மோசடி செய்யவில்லை என்று முடிந்தது.

எதிர்த்தவர்களின் நோக்கம் எதுவாக இருந்தாலும், அவர்கள் கேட்ட ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் காரீயம் யார் வீட்டில் இருக்கிறது? பெயின்ட் உரியும் பழைய வாடகை வீட்டில். அங்கே யார் குடியிருக்கிறார்கள்? ஏழைகள், அதிலும் கறுப்பினத்தவர். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியும் சரியில்லை, சாப்பாடும் சரியில்லை, அம்மாவுக்கு இரண்டு வேலை. அப்படியிருக்க, பிள்ளை பின்தங்கியதற்குக் காரீயம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? வறுமை செய்த வேலைக்குக் காரீயத்தின் மேல் பழி போடுகிறோமோ? நீடில்மன் புள்ளியியல் முறையில் இதையெல்லாம் கழித்துப் பார்த்தார். ஆனாலும் வறுமையையும் காரீயத்தையும் காகிதத்தில்தான் பிரிக்க முடிந்தது. தெருவில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

டனீடினில் இரண்டும் ஒன்றாக இல்லை. இந்த ஆய்வின் உயிரே அதுதான்.

அந்த ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தில் இருந்த காரீயம் முக்கியமாகப் பெட்ரோலிலிருந்து வந்தது. எஞ்சின் இடிக்காமல் ஓடப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலக்கலாம் என்று 1921இல் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். 1923இல் ‘எத்தில்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. காரீயம் என்ற சொல்லை விளம்பரத்தில் கவனமாகத் தவிர்த்தார்கள். மறு ஆண்டே நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். விற்பனை சில காலம் நின்று மறுபடி தொடங்கியது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021இல்தான் அதை நிறுத்தியது. நியூசிலாந்தின் பெட்ரோலில் 1970களிலும் 80களிலும் கலந்திருந்த காரீயம் உலகிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. அது வண்டிப் புகையாக வெளியேறி, டாக்டர் வீட்டுத் தோட்டத்திலும் கூலிக்காரர் வீட்டுத் தோட்டத்திலும் பாகுபாடு பார்க்காமல் படிந்தது. பிள்ளையின் ரத்தத்தில் இருந்த காரீயத்துக்கும் பிறந்த குடும்பத்தின் நிலைக்கும் அங்கே தொடர்பே இல்லை.

ஆகவே வறுமையைக் குற்றவாளியாக்க வழியில்லாத ஓர் ஊரில் கணக்கைப் பார்க்க முடிந்தது. காரீயம் அளக்கப்பட்ட 565 பேரின் சராசரி, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்குச் சுமார் 11 மைக்ரோகிராம். ஐந்து மைக்ரோகிராம் கூடுதலாக இருந்த ஒவ்வொரு படிக்கும், 38 வயதில் ஐக்யூ 1.6 புள்ளி குறைவாக இருந்தது. செய்யும் தொழிலின் அந்தஸ்தை அளக்கும் அளவுகோலிலும் 1.8 புள்ளி இறக்கம். அம்மாவின் ஐக்யூ, பிறந்த குடும்பத்தின் நிலை, அந்தப் பிள்ளையே சிறுவயதில் எடுத்த ஐக்யூ எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகு வந்த எண்கள் இவை. 11 வயதில் காரீயம் அதிகம் இருந்தவர்கள், தங்கள் பெற்றோர் இருந்த இடத்தைவிடக் கீழே இறங்கியிருந்தார்கள்.

ஒன்றரைப் புள்ளி ஐக்யூ என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஒரு பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. பெற்றோர் கண்டுபிடிக்க முடியாது, ஆசிரியராலும் முடியாது. ஊர் முழுவதற்கும் சராசரி சரியும்போதுதான் அது வேலையைக் காட்டும்: மேல் நுனியில் இருக்க வேண்டியவர்கள் குறைவார்கள், கீழ் நுனியில் தனிக் கவனம் தேவைப்படுகிறவர்கள் கூடுவார்கள். இன்னொன்று, கீழே இறங்கியதில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்குத்தான் ஐக்யூ குறைவு பதில் சொல்கிறது. மீதிக்கு என்ன காரணம்? இதே குழுவை வைத்துப் பின்னால் வந்த ஆய்வு ஒரு தடயம் தருகிறது. காரீயம் அதிகம் இருந்தவர்களைப் பற்றி அவர்களை நன்கு அறிந்தவர்களைக் கேட்டபோது, எளிதில் பதறுகிறவர்கள், ஒத்துப்போகாதவர்கள், எடுத்த காரியத்தை முடிக்கும் பொறுப்பு குறைந்தவர்கள் என்ற மதிப்பீடு கூடுதலாக வந்தது. “அவனுக்குப் பொறுப்பு இல்லை, அதான் உருப்படவில்லை” என்று நாம் ஒருவரைப் பற்றி எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! 45 வயதில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் அவர்களுடைய மூளைப் புறணியின் பரப்பே சற்றுக் குறைவாகத் தெரிந்தது.

காரீயம் இதை எப்படிச் செய்கிறது? ஆள்மாறாட்டம் செய்து. உடம்பின் பார்வையில் அது கால்சியம் மாதிரி இருக்கிறது. நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பக் கால்சியத்தை நம்பியிருக்கின்றன. கால்சியம் நுழையும் வாயில்கள் வழியாகவே காரீயமும் நுழைந்து, நடக்க வேண்டிய வேலையைக் குழப்புகிறது. குழந்தையின் மூளை எந்த இணைப்பை வைத்துக்கொள்வது, எதை வெட்டிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டிருக்கும் வயதில் இந்தக் குழப்பம் நடந்தால் அது நிரந்தரமாகிவிடுகிறது.

பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். குழந்தைக்குக் கிட்டத்தட்டப் பாதி சேர்ந்துவிடும். அதிலும் வயிறு காலியாக இருந்தால் கூடுதலாகச் சேரும். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைந்த குடல், கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொள்ளும் அவசரத்தில் காரீயத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. பெயின்ட் உரியும் ஒரே ஜன்னல் ஓரம் விளையாடும் இரண்டு குழந்தைகளில் ரத்தசோகை உள்ள குழந்தைக்குள்தான் அதிகம் போகும். சமூகக் காரணம் ஒரு பக்கம், பௌதிகக் காரணம் ஒரு பக்கம் என்று நாம் பாடப்புத்தகத்தில் பிரித்து எழுதுகிறோம். குடலின் சுவரில் அந்தப் பிரிவினை கிடையாது.

இதைவிட ஆழமான ஒரு விஷயம் இருக்கிறது. உடம்புக்குள் போன காரீயத்தில் பெரும்பகுதி கடைசியில் எலும்பில் போய்த் தங்குகிறது. அங்கிருந்து பாதி வெளியேறவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். எலும்பு எப்போது கரையும்? வயதாகும்போது கரையும். அதற்கு முன்னால், கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் கரையும். வயிற்றுக் குழந்தையின் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தைத் தாயின் உடம்பு தன் எலும்பிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறது. அதோடு காரீயமும் கிளம்பினால்?

கிளம்புகிறதா என்று கண்டுபிடிக்க ஆஸ்திரேலிய விஞ்ஞானி பிரையன் கல்சன் 1990களில் ஒரு வழி வைத்திருந்தார். உலகத்தில் எல்லாச் சுரங்கத்துக் காரீயமும் ஒன்றல்ல. பாறையின் வயதைப் பொறுத்து அதன் ஐசோடோப்புகளின் விகிதம் மாறும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கக் காரீயம் மிகப் பழைய பாறையிலிருந்து வருவது. ஐரோப்பியக் காரீயத்திலிருந்து அதைத் தெளிவாகப் பிரித்துவிடலாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய இளம் பெண்களை கல்சன் தேர்ந்தெடுத்தார். அவர்கள் இப்போது சுவாசிப்பதும் சாப்பிடுவதும் ஆஸ்திரேலியாவில். எலும்பில் இருப்பதோ அவர்கள் சிறுமிகளாக வளர்ந்த ஊர்க் காரீயம். அவர்கள் கர்ப்பமானபோது மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார். காரீயத்தின் அளவு கூடியது. கூடியது மட்டுமல்ல, அதில் பழைய ஊரின் அடையாளம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் ஏதோ ஒரு தெருவில் ஒரு சிறுமி சுவாசித்த புகை, அந்தத் தெருவைப் பார்த்தே இராத ஒரு சிசுவின் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடி காரீயத்தைத் தடுப்பதில்லை.

வீடு வாசல், நிலம், நகை, கடன் என்று வாரிசுக்குப் போகும் சொத்துகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தச் சொத்துக்குப் பத்திரம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, தலைமுறைக் கணக்கில் யாரும் இதை எழுதுவதில்லை.

டனீடின் ஒரு விதிவிலக்கு. விதியைப் பார்க்க வேண்டுமானால் சிகாகோ போக வேண்டும். அமெரிக்காவில் வேறெந்த நகரத்தையும்விட அதிகமாக, சுமார் 4 லட்சம் காரீயக் குடிநீர்க் குழாய்கள் அங்கே மண்ணுக்குள் இருக்கின்றன. 1986இல் மத்திய அரசு தடை செய்யும்வரை, வீட்டுக்குக் காரீயக் குழாய்தான் போட வேண்டும் என்று அந்த நகர விதியே சொன்னது. அதற்கு மேல் பெயின்ட். வீட்டுப் பெயின்டில் காரீயத்தை அமெரிக்கா தடை செய்தது 1978இல். அதற்கு முந்தைய வீடுகளில் மேலும் கீழும் வழுக்கித் திறக்கும் ஜன்னல்கள் சாதாரணம். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சட்டத்தில் பூசிய பழைய பெயின்ட் உரசி, கண்ணுக்குத் தெரியாத மாவாக ஜன்னல் கட்டையில் உதிரும். நிற்கக் கற்றுக்கொள்ளும் குழந்தை பிடித்துக்கொள்ள வாகான உயரம் அந்த ஜன்னல் கட்டை. பிடித்த கை அடுத்து வாய்க்குப் போகும். காரீயப் பெயின்டுக்கு லேசான இனிப்பு வேறு உண்டு.

ஹார்வர்டு சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் பல்லாண்டுகளாக சிகாகோவின் தெருக்களை ஆராய்கிறவர். அவரும் ராபர்ட் மாண்டுகாவும் 2019இல் மூன்று விஷயங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள்: ஒரு பகுதிக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம், அங்கே நடக்கும் வன்முறை, அங்கிருந்து சிறைக்குப் போகிறவர்கள். அந்தப் பகுதியில் ஏழை வீட்டில் வளர்ந்த பிள்ளை பெரியவனாகி எவ்வளவு சம்பாதிக்கிறான் என்ற செட்டி குழுவின் கணக்கோடு இதைப் பொருத்தினார்கள். வறுமையைக் கழித்த பிறகும் இந்த மூன்றும் பிள்ளையின் எதிர்காலத்தோடு பொருந்தி வந்தன. கறுப்பினக் குழந்தைகள் வளரும் பகுதிகளும் வெள்ளையினக் குழந்தைகள் வளரும் பகுதிகளும் இந்த அளவுகளில் அநேகமாக இரண்டு வேறு நகரங்கள். யார் எங்கே குடியிருக்கலாம் என்று வங்கியும் வீட்டுத் தரகரும் நகராட்சியும் பல பத்தாண்டுகள் முடிவு செய்ததன் விளைவு அது.

காரீயத்தோடு வன்முறையை ஏன் சேர்க்க வேண்டும், ஒன்று உலோகம், மற்றது மனிதச் செயல் அல்லவா என்று தோன்றலாம். பாட்ரிக் ஷார்க்கி 2010இல் வெளியிட்ட சிகாகோ ஆய்வு அதற்குப் பதில். தன் வீட்டருகே ஒரு கொலை நடந்து ஒரு வாரத்துக்குள் தேர்வு எழுத நேர்ந்த கறுப்பினக் குழந்தைகள், அப்படி நேராத அதே பகுதிக் குழந்தைகளைவிடத் தெளிவாகக் குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள். பிள்ளை கொலையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தெருவின் பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கவனத்தைக் கெடுக்கிறது. காரீயம் கெடுப்பதும் அந்தக் கவனத்தைத்தான்.

தெருவை மாற்றினால் பிள்ளையின் தலையெழுத்து மாறுமா? 1994 முதல் 1998 வரை அமெரிக்க அரசு சிகாகோ உட்பட ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த இடத்தில் வாடகைக்குப் போக உதவித்தொகை கொடுத்தது. பெரியவர்களின் சம்பாத்தியம் கூடவில்லை. திட்டம் தோல்வி என்றே பலர் எழுதினார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு செட்டியும் அவருடைய சகாக்களும் மறுபடி கணக்கெடுத்தபோதுதான், 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிப்பது தெரிந்தது. அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்குப் பலன் இல்லை. பள்ளியா, சேர்க்கையா, சுவரா, எது வேலை செய்தது என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. சிறுவயதில் நல்ல இடத்தில் கழித்த ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் சேர்கிறது என்பது மட்டும் தெளிவு.

எல்லோரையும் வீடு மாற்ற முடியாது. வீட்டைச் சுத்தம் செய்யலாம். செட்டியின் வரைபடத்தில் பெரிய நகரங்களில் கடைசியில் நின்ற அதே ஷார்லட்டில் இதற்கு ஒரு நல்ல சான்று கிடைத்தது. அங்கே 1990களில் பிறந்த குழந்தைக்கு இரண்டு பரிசோதனையில் தொடர்ந்து 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால், சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வந்து காரீயம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, உணவு பற்றிச் சொல்லி, தேவையானால் பெயின்டை அகற்ற ஏற்பாடு செய்வார்கள். இரண்டாவது பரிசோதனையில் 10க்குக் கீழே வந்த குழந்தைக்கு இதெல்லாம் கிடையாது. முதல் பரிசோதனையில் ஏறக்குறைய ஒரே அளவு காரீயம் இருந்த இந்த இரண்டு குழுக்களையும் ஸ்டீபன் பில்லிங்ஸும் கெவின் ஷ்னெப்பலும் பள்ளி, காவல்துறை ஆவணங்களில் தேடி ஒப்பிட்டார்கள். ஆட்கள் வந்துபோன வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் மேலாகவும், சண்டை சச்சரவில் குறைவாகவும் இருந்தார்கள். கெடுதலில் பெரும்பகுதியைத் திருப்ப முடிந்திருக்கிறது.

வங்கதேசத்தில் இன்னும் வேகமாக ஒன்று நடந்தது. அங்கே மஞ்சள் கிழங்குக்குப் பளிச்சென்ற நிறம் வரக் காரீய குரோமேட் என்ற சாயப்பொடியைப் போட்டு மெருகேற்றும் வழக்கம் இருந்தது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் அரசு சோதனை போட்டு அபராதம் விதித்தது, செய்தித்தாள்கள் எழுதின. அந்த ஆண்டு சந்தையில் எடுத்த மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் காரீயம் இருந்தது. 2021இல் ஒன்றிலும் இல்லை.

சென்னைக்கு வருவோம். ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, மூன்று முதல் ஏழு வயதுவரையான 756 சென்னைக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் கட்டுரை வெளியிட்டார்கள். ரத்தத்தில் சராசரிக் காரீயம் 11.4 மைக்ரோகிராம். பெட்ரோலில் காரீயம் கொட்டிய காலத்து டனீடின் பிள்ளைகளின் சராசரிக்கு ஏறக்குறைய சமம். இங்கும் காரீயம் கூடிய பிள்ளைகளைப் பற்றி, கவனம் நிற்பதில்லை, பதற்றம் அதிகம் என்று ஆசிரியர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். இந்தியாவில் காரீயப் பெட்ரோல் 2000இல் நின்றது. வீட்டுப் பெயின்டில் காரீயத்துக்கு உச்சவரம்பு, பத்து லட்சத்தில் 90 பங்கு என்று, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வீடு முழுக்கப் பறப்பது அதுதான். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் அவ்வளவாகப் பறக்காது. பழைய பேட்டரியை உடைத்துக் காரீயத்தை உருக்கும் தொழில் ஊருக்கு வெளியே, கேள்வி கேட்க ஆளில்லாத குடியிருப்புகளை ஒட்டித்தான் நடக்கும்.

அந்த 756 பேரில் இருந்த சிறுமிகள் இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். மெக்சிகோ சிட்டியில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது, எலும்பு கரைவது குறைந்து, அவர்கள் ரத்தத்தில் காரீயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தாதே என்று கிராம சுகாதார செவிலியர் சொல்லும் காரணங்களோடு, எலும்பில் இருக்கும் காரீயம் பிள்ளைக்குப் போவது குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.